சின்ன அறைக்கு எட்டு அங்குலம்

யூன் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கடற்பக்க ஜன்னலைத் திறக்க முடியாது, உப்புக் காற்று. தோய்த்தது ஒன்றும் காயவில்லை. மகளுக்குச் சளி, மூக்கைத் துடைக்க விடுகிறாள் இல்லை.

நஸீரா அக்கா கோல் எடுத்தார், கொட்டாஞ்சேனையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருப்பவர். சிறுவர் கதைத் தொடரின் முதற் கதைக்கு இசை சேர்த்து, வெட்டி ஒட்டி, போன கிழமை அனுப்பியிருந்தேன். பரீட்சை மாதிரி.

"காருல போட்டுப் பாத்தேன் புள்ள. மேளம் மட்டும்தான் கேக்குது. கத சொல்ற ஆள் எங்க?"

வெட்கமாகப் போய்விட்டது. இயர்போனில் எல்லாம் சரியாக இருந்தது. இயர்போனை நம்பக் கூடாதென்று தெரிந்தவள்தானே நான்? வானொலியில் இதே வேலையைச் செய்தவள். மகள் பிறந்த பிறகு விட்டது.

"அடுத்த செவ்வா வரைக்கும் வெச்சிருக்கேன். சரியா வந்தா முழுத் தொடரும் ஒங்களுக்குத்தான். இல்லாட்டி வேற ஆளப் பாக்கணும், கோவிக்கப்படாது."

இதை விட்டால் வீட்டிலிருந்து செய்கிற வேலை இனி எங்கே கிடைக்கும்?

வேண்டியவை:
– ஓடியோ இன்டர்ஃபேஸ், மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி. மைக் செருக இரண்டு இடம் போதும். எட்டு வேண்டாம், நான் கச்சேரி பதியப் போவதில்லை.
– மொனிட்டர் ஸ்பீக்கர் ஒரு சோடி, பிழையை மறைக்காமல் கேட்க வைப்பது. ஐந்து அங்குலத்துக்கு மேல் கூடாது. காற்றுத் துளை முன்பக்கம். பின்னால் இருந்தால் சுவரில் பட்டு மேளம் மாதிரியான அடிச்சத்தம் வீங்கும்.
– சின்ன அறை. இவருடைய பயணப் பெட்டிகள், அயர்ன் மேசை எல்லாம் வெளியே.
– மேசை சுவருக்கு நடுவில். மூலையில் அல்ல.
– மூக்குக்கு விடுகிற உப்புத் தண்ணீர்த் துளி.

யூன் 5, புதன்

பம்பலப்பிட்டிக் கடை. இவரும் வந்தார், பிள்ளையைத் தூக்க. கேள்வி கேட்டது முழுக்க நான். கடைக்காரர் பதில் சொன்னது முழுக்க இவருக்கு.

சிங்களத்தில் கேட்டேன், இது சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று. அவர் இவரைப் பார்த்து, "லொக்கு ஏக ஹொந்தய் சேர்!" பெரியதுதான் நல்லதாம். சேர் தலையாட்டுகிறார். சேருக்கு வயரின் எந்தப் பக்கம் எங்கே போகும் என்றே தெரியாது.

பிறகு என்னுடைய கதையையே போடச் சொன்னேன். சின்னச் சோடி, ஐந்து அங்குலம். முதல் வரியிலேயே கேட்டது. மேளம் அவ்வளவு பெரிதாக, கதை சொல்பவரின் குரல் அதன் அடியில் கிடந்து மூச்சு முட்டுகிறது. என்னுடைய பிழை, அப்படியே நேரே. அழுகையும் வந்தது, சந்தோஷமும். இது இருந்தால் திருத்திவிடுவேன்.

இன்டர்ஃபேஸ் வாங்கியாயிற்று. சின்னது, சிவப்பு. ஸ்பீக்கரில் கடைசிச் சோடி. "மழைக்குள்ள த்ரீவீலில இதையும் கொண்டு போகேலாது, சனிக்கிழமை வந்து எடுப்பம்" என்றார் இவர். பிள்ளையும் சிணுங்கத் தொடங்கினாள். சரி என்றேன். சனி வரை வைப்பதாகக் கடைக்காரர் சொல்லி, நம்பர் கேட்டார். யாரிடம்? இவரிடம்.

யூன் 7, வெள்ளி

அறையை ஒதுக்கி முடித்தேன். சத்தத்தை உறிஞ்சப் பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்து, மேசையை நடுவுக்கு இழுத்து, கை முழுக்கத் தூசி. இவர் வேலையால் வந்து கதவில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறார்.

"நாளைக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. வேண்டாம் எண்டு கோல் பண்ணிச் சொல்லிட்டன்."

"என்ன?"

"போன மாசம் ஸ்பீக்கர் வேணுமெண்டு நீர் கதைச்ச உடனயே அண்ணாவிட்டச் சொன்னனான். அவர் வாங்கி, இஞ்ச வாற ரெண்டு பேற்ற லக்கேஜில அனுப்பிட்டார். நாளைக்குக் கைக்கு வருது. சர்ப்ரைஸ்!"

அண்ணா என்றால் டொரன்டோவில் இருக்கும் இவருடைய அண்ணன், எனக்கு அத்தான். புதன்கிழமை கடையில் நின்றபோதே இவருக்குத் தெரியும். மழையும் த்ரீவீலும் பொய். அரை நாள் அந்தக் கடையில் நான் விசரி மாதிரிக் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறேன், இவர் பிள்ளையை ஆட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன மாதிரி? எத்தினை அங்குலம்?"

"நல்லது. பெரிசு. அண்ணா சும்மா சாமான் வாங்க மாட்டார்."

கடைக்குக் கோல் எடுத்தேன். சோடி போய்விட்டதாம். இவர் வேண்டாம் என்று சொன்ன பின்னேரமே வேறு யாரோ.

யூன் 8, சனி

வந்தது. எட்டு அங்குலம். காற்றுத் துளை பின்னால். மேசையில் ஏற்றினால் கீபோர்டுக்கு இடமில்லை. இந்த அறைக்குள் இதைப் போட்டால் சுவர் பாடும், கதை கேட்காது.

அதுகூடப் பரவாயில்லை.

ப்ளக்கைப் பார்த்தேன், தட்டைப் பல். அங்கத்தைய கரண்ட் வேறு, இங்கத்தையது இரண்டு மடங்கு. சொன்னேன், இரண்டு தரம் சொன்னேன்: "செருகாதேங்கோ. பின்னால என்ன எழுதியிருக்கெண்டு பாத்திட்டுச் செருகுவம். ட்ரான்ஸ்ஃபோமர் வேணும்." ஓம் ஓம் என்றார். மகளுக்கு மூக்குத் துளி விட உள்ளே போனேன். துளி விட விடாமல் கத்திக்கொண்டு அவள் இவரிடம் ஓடிவிட்டாள்.

டப்.

ஓடி வந்தால், காலி வீதி ஹார்ட்வெயாரில் வாங்கின, ப்ளக்கின் பல்லை மட்டும் மாற்றுகிற, கரண்டைக் குறைக்காத கொன்வேர்ட்டர் சுவரில். ஒரு ஸ்பீக்கரின் பின்பக்கத்தால் புகை. சுட்ட பிளாஸ்டிக் மணம். நான் வாய் திறக்கும் முன்னே இவர் அந்த வயரைக் கழற்றி மற்றதில் செருகி சுவிட்சைப் போடுகிறார். முதலாவது பழுதாக வந்ததோ என்று பார்க்கவாம்!

டப்.

இரண்டும். மகள் பக்கத்தில் நிலத்தில் இருந்து கை தட்டுகிறாள். அந்தப் புகைக்குள். சளியோடு. தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். இப்போதும் எழும்பிப் போய் அவள் மூச்சைக் கேட்டுவிட்டு வந்தேன். சீராகத்தான் விடுகிறாள்.

"நீர் வடிவாச் சொல்லியிருக்க வேணும்" என்கிறார்.

வடிவாக. இதற்கு மேல் எந்த வடிவத்தில்?

யூன் 9, ஞாயிறு

அத்தானின் வீடியோ கோல். அதற்கு முதல் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் இவர் வந்து, குரலைத் தணித்து, "நல்லா வேலை செய்யுது எண்டு சொல்லும். ஆசையா அனுப்பினவர்." வெளிநாட்டிலிருந்து வந்த சாமானைக் குறை சொல்லக் கூடாது. சட்டை இறுக்கம் என்றும் சொல்லக் கூடாது, சொக்லட் உருகி வந்தது என்றும் சொல்லக் கூடாது. கல்யாணமாகி வந்த முதல் வருடமே பழகிக்கொண்டேன். போட முடியாத சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அத்தானுக்கு நல்ல குஷி. "என்ன நிரோஷா, அதிருதா? பக்கத்து ஃப்ளாட்காரர் சண்டைக்கு வந்திட்டினமா? எங்க, ஒரு பாட்டுப் போடும், கேப்பம்!"

இவர் பக்கத்திலிருந்து, "நெட் சரியில்லை அண்ணா, பிறகு..."

"எரிஞ்சு போச்சு அத்தான்" என்றேன்.

"எது?"

"ரெண்டும். உங்கட கரண்டுக்குச் செய்தது. பாக்காமச் செருகியாச்சு. எரியாட்டிலும் எனக்குச் சரிவராது. நான் பாத்து வைச்சது சின்னது. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

அக்கா, அத்தானின் மனைவி, திரைக்கு வெளியேயிருந்து, "நான் அப்பவே சொன்னனான், அந்தப் பிள்ளையிட்ட ஒரு சொல்லுக் கேளுங்கோ எண்டு." அத்தான் தொண்டையைச் செருமினார். "சரி, வேற ஒரு சோடி அனுப்பிறன்."

"வேண்டாம் அத்தான்."

அவ்வளவுதான். என் குரல் உயரவில்லை. இவர் இப்போது கதைப்பதில்லை. மானம் போய்விட்டதாம். புகைக்குள் பிள்ளை இருந்தபோது போகாத மானம்.

யூன் 11, செவ்வாய்

நேற்று நஸீரா அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. "ரெண்டாவதையும் செருகினாரா? அல்லாஹ்! நீங்க இங்க வாங்க புள்ள. காலைல ரூம் சும்மாதான் கெடக்கு."

இன்று இவர் லீவு. நான் கேட்கவில்லை, போகிறேன் என்று மட்டும் சொன்னேன். பிறந்த நாளிலிருந்து மகளை இவ்வளவு நேரம் விட்டதில்லை. பஸ்ஸில் போகும்போது அடிக்கடி ஃபோனைப் பார்த்தேன். செட்டியார் தெரு வந்ததும் அதைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

மேளத்தை இறக்கி, குரலுக்குக் கீழே இருந்த கனத்தை வெட்டி, மூன்று இடத்தில் இசையையே எடுத்துவிட்டேன். நஸீரா அக்கா காரில் இருந்து கேட்டார், கண்ணாடியை ஏற்றிவிட்டு. நான் வெளியே மழைத் தூறலில். கீழே இறங்கி வந்து, "மத்தக் கதயெல்லாம் எப்ப தாறீங்க?" என்றார்.

தொடர் எனக்குத்தான்.

ஒன்று மட்டும். வேலையை அங்கே போய்த்தான் செய்ய வேண்டும், கிழமைக்கு மூன்று நாள். எனக்கென்று ஸ்பீக்கர் எடுக்கும் வரை.

வீட்டில் சொன்னேன். இவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்து, "அப்ப பிள்ளையை ஆர் பாக்கிறது? வீட்டில இருந்து செய்யிற வேலை எண்டுதானே சொன்னீர்?"

"வீட்டில இருந்து செய்யத்தான் அந்த அறையைக் கேட்டனான்."

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, லீவு எடுக்கிறேன் என்றார். இந்தக் கிழமைக்கு.

நாளைக்கு ஏழரைக்கு வெளிக்கிட வேண்டும். மகளின் சோறு எவ்வளவு குழைய வேண்டும், எந்தக் கரண்டி, எந்தப் பாட்டுக்கு வாய் திறப்பாள், எல்லாவற்றையும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டலாமென்று பேனையை எடுத்தேன். எழுதவில்லை.

இவர் கேட்கட்டும். கேட்டால் சொல்வேன்.