ஓடைத் தண்ணீர் போய்ச் சேரும் இடம்

என் அன்பு அப்பாவுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவந்த பிறகு பிறந்தவள். இரண்டு பல் முளைத்துவிட்டது.

ஐப்பசி முதல் மழையில் ஆற்றுத் தண்ணீர், கடலோரத்தில் நீங்கள் வலைவீசிய உப்பங்கழிக்குள் இறங்கியது. மறுநாள் அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, கழியில கெழங்கா மீனெல்லாம் வயித்தக் காட்டிக்கிட்டு மெதக்குது. நண்டு கரையேறி நிக்குது. எங்கெருந்து என்ன தண்ணி வந்துச்சோ!"

போனை வைத்தேன். அழுகை வரவில்லை. தோசை மாவில் உப்புப் போட்டேனா என்று மட்டும் யோசித்தேன்.

இங்கே கோவில்பட்டிக் கரிசலில், மக்காச்சோளத்துக்குப் புழு மருந்து அடித்ததும் டேங்கை ஓடையில் வைத்துத்தான் கழுவுகிறார்கள். காய்ந்த ஓடை, மழை வந்தால் சுத்தமாகிவிடும் என்ற நினைப்பு. அந்த ஓடை வைப்பாற்றில் சேர்ந்து நம் கழிக்கு வருகிறது. அதுதான் காரணமா? வேறேதும் இருக்குமா? நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனாலும் மாமனாரிடம் சொன்னேன்.

சிரித்தார். "ஏம்மா, சம்பந்தியோட கடல் என்ன அண்டாத் தண்ணியா, ஒரு டேங்குக்குக் கெட்டுப்போக? அம்புட்டையும் மழ அடிச்சிட்டுப் போயிரும்லா."

"அடிச்சிட்டு எங்க மாமா போகும்?"

சிரிப்பு நின்றது. "அப்ப சம்பந்தியம்மா குடுத்துவிட்ட மீனு?"

"அந்தக் கழி மீன்தான். தலைய ஒருத்தருக்கும் குடுக்காம நீங்களே தின்னீங்கள்லா."

அடுத்த முறை மருந்து அடித்து முடித்ததும், டேங்கை அலசிய தண்ணீரைச் சோளத்துக்கே அடித்தார். பக்கத்துப் புஞ்சைக்காரர் விடவில்லை.

"என்ன அண்ணாச்சி, வெறுந்தண்ணியக் குடிச்சா புழு சாகும்?"

"மருமவளுக்குக் கடல் இங்கன இருந்தே தெரியுதாம்லே" என்றார் மாமனார். அந்தப் புஞ்சைக்காரர் தன் டேங்கைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனார்.

கழித் தண்ணீர் தெளிந்துவிட்டதாம். அம்மா ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறாள். நம் வீட்டில் பல் முளைத்த பிள்ளைக்கு முதலில் ஊட்டுவது, தாத்தா கழியில் பிடித்த கிழங்கா மீன்தானே? நீங்கள் இல்லாததால் தம்பி வலை எடுக்கிறானாம். நான் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. தெளிந்த தண்ணீரை நம்பலாமா அப்பா?

எங்கள் வீட்டு டேங்க் இனி ஓடைக்குப் போகாது. ஓடைக்கரைப் புஞ்சைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசுவேன். சிரித்தால் சிரிக்கட்டும். இது என் வாக்கு.

மீனை மட்டும் ஊட்டவா, வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள்.

உங்கள் மூத்த மகள்,
நீங்கள் பார்க்காத பேத்தியின் அம்மா