ஒரே அளவு

மார்ச் 3, திங்கள்

மூத்த மகன் வீட்டுப் பெரியவன் கப்பலில் மூன்றாம் இன்ஜினியர் ஆகிவிட்டான். பரீட்சையில் முதல் தடவையே தேறினான். அவன் தங்கைக்குக் கணக்கில் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டு எங்கே போயிற்று என்று கேட்டேன். மகள் வயிற்றுப் பேரன் நீச்சலில் கோப்பை வாங்கி, அதில் பேனா போட்டு வைத்திருக்கிறான். சின்ன மகனின் பெண், என்னோடு தங்கியிருப்பவள், இன்று முதல் புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் மின்சார வேலைக்கு இன்சார்ஜ். வயது இருபத்தேழு. கீழே ஏழு ஆண்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள்.

இவ்வளவையும் மாடி வீட்டம்மாவிடம் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை.

மார்ச் 5, புதன்

பேத்தியிடம் வேலையை விளக்கச் சொன்னேன். வெளியே இருக்கும் டிரான்ஸ்பார்மரிலிருந்து கட்டடத்தின் மெயின் பேனலுக்குக் கரண்ட் வர வேண்டும். பேனல் என்றால் மூன்று பீரோவைச் சேர்த்து நிறுத்திய மாதிரி ஓர் இரும்புப் பெட்டி. வருகிற கரண்டை ஒரே கேபிள் தாங்காது. தாங்குகிற பருமனில் போட்டால் யானை வந்தாலும் வளைக்க முடியாதாம். அதனால் ஒன்றின் வேலையை நான்கு கேபிளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், ஒவ்வொன்றுக்கும் நான்கு. மொத்தம் பதினாறு. ஒவ்வொன்றும் என் இரண்டு விரலைச் சேர்த்த பருமன்.

பேஸ் மூன்றும் நியூட்ரலும் ஒரே ஓட்டை வழியாகத்தான் பெட்டிக்குள் நுழைய வேண்டுமாம். தனித்தனி ஓட்டை போட்டால் சுற்றியிருக்கும் இரும்புத் தகடு சூடாகுமாம்.

"தனிக்குடித்தனம் ஆகாதுன்னு சொல்லு" என்றேன். சிரித்தாள்.

மார்ச் 8, சனி

சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே ஒரு மஞ்சள் தொப்பியை என் தலையில் கவிழ்த்தார்கள்.

பேனல் அறையில் ஜன்னல் கிடையாது. புதுப் பெயின்ட் நெடி. ஏணியைப் படுக்கப் போட்டது போன்ற அகலத் தட்டில் கேபிள்கள் சுவரோரமாக வந்து, இரண்டு மூலை திரும்பி, பெட்டிக்குள் இறங்கின. நுனியில் செம்புக் காதுகள். அவற்றைச் செம்புப் பட்டையோடு வைத்து போல்ட் முறுக்கி, முறுக்கியதற்கு அடையாளமாக ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோடு. தலை வாரிப் பின்னியது போல இருந்தது. அதையே சொன்னேன்.

பெரிய ஃபிட்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எல்லாரும் மீசைக்காரர் என்று சொல்லும் ஆள். "ஒவ்வொண்ணையும் அதுஅதுக்கு வேணுங்கிற நீளத்துக்கு வெட்டினேன்மா. உள்வளைவுல போறது குட்டை, வெளிவளைவுல போறது நெட்டை. ஒரு சாண் வீணாகல."

பேத்தி டப்பாவைத் தரையில் வைத்தாள்.

"நாலும் ஒரே அளவு இருக்கணும்னு சொன்னேனே, அண்ணே."

"ஒரே அளவுதான் மேடம். எல்லாமே முந்நூறு. மேல எழுதியிருக்கு பாருங்க."

நான் வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை நாளில் அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள்.

மார்ச் 10, திங்கள்

முந்நூறு என்பது கேபிளின் பருமன். அவள் அளவு என்று சொன்னது நீளத்தை. அவர் காதில் விழுந்தது பருமன். ஒரே சொல். யாரைக் குறை சொல்வது?

கரண்ட் சோம்பேறியாம். கிட்ட வழி எதுவோ அதில்தான் அதிகம் போகும். குட்டைக் கேபிள் எட்டு மீட்டர், நெட்டை ஒன்பதே கால். முழு லோடு ஏறும்போது குட்டை தன் பங்குக்கு மேல் சுமந்து சூடாகும். மேல்தோல் காய்ந்து வெடிக்கும். இன்றோ நாளையோ இல்லை, ஆனால் ஒருநாள். குட்டையை இழுத்து நெட்டையாக்க முடியாது. எல்லாம் நெட்டையின் நீளத்துக்கு வர வேண்டுமென்றால் பன்னிரண்டு புதிதாக வாங்க வேண்டும். திறப்பு விழா பதினேழாம் தேதி.

காண்ட்ராக்டர் சொன்னாராம்: "பாக்க லட்சணமா இருக்கு. இன்ஸ்பெக்டர் என்ன டேப் எடுத்துட்டா வரப் போறாரு? கையெழுத்துப் போடு."

நானும் அதையே சொன்னேன். பேசாம போட்டுடு, உலகத்துல நடக்காததா, வந்த பேரைக் கெடுத்துக்காதே என்றேன்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பாட்டி, அங்க படுக்கப் போறவங்களுக்கு மூச்சே மெஷின்ல ஓடும்" என்றாள்.

சீ — என் வாயிலிருந்தா வந்தது? பேர், பேர்னு... யாருக்குப் பேர்? அவளுக்கா, மாடிப்படியில நின்னு அளக்கிற எனக்கா?

மார்ச் 11, செவ்வாய்

ஆபீசில் சொல்லிவிட்டாள். எழுதியும் கொடுத்தாள்: நீளம் என்று நான் தெளிவாகச் சொல்லவில்லை, தவறு என்னுடையது. மீசைக்காரர் பெயரை எழுதவில்லை. இன்சார்ஜ் பதவி போயிற்று. விழா தள்ளிப்போகிறது. கூலி ஆளாக நின்று கேபிளை மாற்றிவிட்டுப் போகிறேன் என்று கேட்டாளாம். விட்டார்கள்.

மார்ச் 12, புதன்

மாடி வீட்டம்மா விசாரித்தாள். தலைவலி என்று கதவைச் சாத்தினேன்.

மார்ச் 23, ஞாயிறு

புதுக் கேபிள் வந்து மூன்று நாள் ஆயிற்று. பதினாறும் இப்போது ஒரே நீளம். உள்வளைவில் போகிறவற்றுக்கு மிஞ்சுவதைத் தட்டிலேயே ஒரு தொய்வாக விட்டிருக்கிறார்கள். பார்க்க அலங்கோலம் என்று மீசைக்காரருக்கு வருத்தம். ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் "எந்த அளவு மேடம், நீளமா பருமனா?" என்று கேட்டு அவள் உயிரை வாங்குகிறாராம். நான் இப்ப மேடம் இல்ல அண்ணே என்றாளாம். அது உங்க ஆபீசுக்கும் உங்களுக்கும் உள்ள விவகாரம் என்றாராம்.

உள்ளங்கையில் கொப்புளம். எண்ணெய் தடவினேன். காட்டமாட்டேன் என்று முதலில் அடம்.

மார்ச் 29, சனி

கரண்ட் கொடுத்தார்கள். கேபிளைக் கவ்விப் பிடிக்கிற மீட்டரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாளாம். ஒரு பேஸின் நான்கிலும் ஏறக்குறைய ஒரே எண். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் வேலை சரி என்பதற்கு அத்தாட்சியாம்.

இன்று மாடிப்படியில் நானே போய்ச் சொன்னேன். இன்சார்ஜிலிருந்து எடுத்துவிட்டார்கள், தப்பை ஒத்துக்கொண்டதால் எடுத்துவிட்டார்கள் என்று. மாடி வீட்டம்மா, "ஐயோ பாவம்" என்றாள்.

"பாவம் எதுக்கு? நான் பெருமைக்குச் சொன்னேன்" என்றேன். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஃபிட்டர் வேலை. அலமாரியில் பாதி காலி.

ஏப்ரல் 19, சனி

போன் செய்தாள். ஒரு தொழிற்சாலைக்குப் பேனல், பேஸுக்கு ஆறு கேபிள். வெட்டுகிற பொறுப்பை அவளிடம் விட்டிருக்கிறார்கள். எப்போது இன்சார்ஜ் ஆவாய் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கை ஆறிவிட்டதா என்று கேட்டேன்.

பிறகு இதையும் சொன்னேன். கூடத்துச் சுவரில் நீ பட்டம் வாங்கின படம் இருந்ததே. கறுப்பு அங்கி, அதுவும் இரவல். ஆணியிலிருந்து இறக்கிவிட்டேன். வேலை உடுப்பில், கையில் கேபிளோடு ஒரு படம் எடு. முகம் கழுவ வேண்டாம். போனில் அனுப்பினால் நான் எதில் மாட்டுவது? காகிதத்தில் போட்டு, மடங்காமல் ஓர் அட்டை வைத்து, தபாலில் சேர். சீக்கிரம்.