ஷிப்மெண்ட் நாளில் பள்ளிக்கூடம்

ஆகஸ்ட் 2006, செவ்வாய் இரவு

காலையில் ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். "ஷிப்மெண்டு முடியல. இன்னைக்கு ராத்திரியும் ஊட்டுக்கு வரமுடியாது, பாத்துக்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ஒன்றாம் வகுப்புக்குக் கிளம்பி நின்ற காவ்யா ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு?"

"ஷிப்மெண்டுதானுங்களே. நானு லீவு. நீங்க தனியா இருந்தா அழுவீங்க."

ஷிப்மெண்ட் வரும்போதெல்லாம் அவளை வீட்டில் நிறுத்திக்கொள்வது நான்தான். மிஸ்ஸிடம் காய்ச்சல் என்று சொல்லிவிடுவேன். வெறும் வீட்டில் எனக்குத்தான் பயம். அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஷூவை மாட்டி வேனில் ஏற்றினேன். அவள் அழவில்லை. வேன் திரும்பும் வரை என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் வந்ததும் பையைக்கூட இறக்காமல், "அழுதீங்களாம்மா?" என்றாள்.

"இல்ல சாமி. மிஸ் இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"தெரியலீங்." என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

நாளைக்கும் அவர் வருவதாக இல்லை. காலையில் காவ்யாவை எழுப்பினால் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வாள். அதற்குள் கொஞ்சமாவது தூங்கிவிட வேண்டும்.