பூனாவிலிருந்து வந்த ரேடியேட்டர்

போடிநாயக்கனூர்
14-2-1982

அன்பு மகள் ஞானசெல்விக்கு உன் அப்பா காசிராஜன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி தங்கபாண்டியனும் சாமி புண்ணியத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், பூனாவில் நீயும் உன் வீட்டுக்காரரும் அதேபோல் சுகமாக இருப்பதாக உன் கைப்பட ஒரு வரி வந்தால் எங்களுக்கு அதைவிட வேறு வேண்டாம். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ என்று நீ பதறியிருப்பாய், அவளுக்கு ஒன்றும் இல்லை ஆத்தா, இதோ பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டு நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். இந்தத் தடவை நான்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். நீ தேனி ரிஜிஸ்தர் ஆபீசில் அவரைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறியதிலிருந்து இரண்டு வருஷம் நான் ஒரு வரி எழுதவில்லை, அம்மா எழுதும்போதும் நான் விசாரித்ததாக எழுதாதே என்பேன். அது போகட்டும், அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் ரேடியேட்டர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் கறுப்பு லேண்ட்மாஸ்டருக்கு இருபத்தாறு வயதாகிறது என்று உனக்குத் தெரியும். அதன் பழைய ரேடியேட்டரில் பற்றவைக்க இனி இடமே இல்லை, அந்த மாடலுக்குப் புதிது மதுரையில்கூட இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். போன ஆவணியில் பூப்பாறையில் உன் அத்தை பாண்டியம்மாள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது மலைப்பாதையில் ஏழாவது வளைவில் கொதித்து நின்றுவிட்டது. கொண்டுபோன தண்ணீர் தீர்ந்து, எஸ்டேட் ஆட்களை ஏற்றி வந்த ஜீப்பில் நாலு கோலி சோடா வாங்கி அதையும் ஊற்றினேன். அந்த ஜீப்பில் ஒருவன் தலையை நீட்டி, அண்ணாச்சி கஞ்சி காய்ச்சுறீகளா என்று கேட்டுவிட்டுப் போனான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியே முடிந்து இலை எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் அம்மா உனக்கு எழுதியதும், அதைப் படித்து ரேடியேட்டர் பட்டறையில் வேலை பார்க்கிற உன் வீட்டுக்காரர் அளவு கேட்டதும், நான் ஏலக்காய்க் கடையில் இருந்த நேரம் பார்த்து அவள் தையல் டேப்பை வைத்து ரேடியேட்டரை அளந்து அனுப்பியதும் எனக்குத் தெரியாது. பொங்கல் கழிந்து நாலாம் நாள் ஸ்டேஷனில் பார்சல் வந்திருக்கிறது என்றார்கள். அனுப்பியவர் இடத்தில் உன் வீட்டுக்காரர் பெயரை, சுருளி, பூனா என்று பார்த்ததும் கையெழுத்துப் போட மாட்டேன், திருப்பி அனுப்புங்கள் என்று நின்றேன். உன் அம்மா பேனாவை வாங்கித் தானே கையெழுத்துப் போட்டாள். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால் வைக்கோலுக்கு நடுவே புது ரேடியேட்டரும், அதன்மேல் மடித்து வைத்த ஒரு கடிதமும் இருந்தன. கடிதத்தை நான் தொடவில்லை, ரேடியேட்டரைக் கார் நிற்கிற செட்டில் ஒரு மூலையில் போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் அது அங்கேயே கிடந்தது. அப்புறம் பாண்டியம்மாள் சொல்லி அனுப்பினாள், சின்னவள் பெரியவளாகிவிட்டாள், தை கடைசி வெள்ளிக்கிழமை சடங்கு, ராகுகாலத்துக்கு முன்னால் பத்தரைக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும், தாய்மாமன் சீரோடு வந்தால்தான் எதுவும் ஆரம்பிக்கும், இந்தத் தடவையும் அண்ணன் வழியில் நின்றுவிட்டால் நான் அந்தப் பங்காளிகள் முகத்தில் முழிக்க முடியாது என்று. அத்தை மாமியார் வீட்டு ஆட்களை உனக்குத் தெரியுமே. பஸ்ஸில் போகலாம் என்று உன் தம்பி சொன்னான். சீர்த்தட்டையும் பித்தளைக் குடத்தையும் மடியில் வைத்துக்கொண்டு தாய்மாமன் பஸ்ஸிலா போய் இறங்குவது என்று அவனைச் சத்தம் போட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற கண்ணுச்சாமியிடம் வண்டியையும் ரேடியேட்டரையும் கொண்டுபோய் விட்டேன்.

அவன் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். எதுவும் சேரவில்லை. பழையதைவிட ஒன்றரை அங்குலம் உயரம். மலை ஏறுகிற வண்டி என்று உன் வீட்டுக்காரர் உள்ளே ஒரு வரிசைக் குழாய் கூட வைத்துக் கட்டியிருந்ததால் தடிமனும் அதிகம், ஃபேன் இறக்கை அதில் உரசியது. கீழ்க்குழாய் இருக்க வேண்டிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்தது. இதுதான் அந்தப் பூனாக்காரன் தொழில் சுத்தமா என்று நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன், அப்போது உன் அம்மா மெதுவாக வந்து, நான்தான் வண்டிக்கு முன்னால் நின்று பார்த்து வலது பக்கம் என்று எழுதினேன், ஸ்டீரிங்கில் உட்கார்ந்து பார்த்தால் அது இடதாமே என்றாள். கண்ணுச்சாமி நல்ல வேலைக்காரன். முன்பக்கத் தகட்டைக் கொஞ்சம் வெட்டி ரேடியேட்டரை முன்னால் தள்ளி, ஃபேனுக்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளி விட்டான். புதிதாக இரண்டு இரும்புக் கால் அடித்து, பள்ளத்தில் அதிர்ந்து பற்றவைத்த இடம் விட்டுவிடாமல் இருக்கப் பழைய டயரை வெட்டி அடியில் கொடுத்தான். லாரிக்குப் போடுகிற வளைந்த ரப்பர் குழாயை வாங்கி வந்து கீழே சுற்றிக் கொண்டுபோய் மாட்டினான். பானெட் மூடவில்லை, அதைத் தூக்கி வைத்ததில் நம் வண்டி இப்போது தாடையில் அடிபட்ட மாதிரி இருக்கிறது.

புதன்கிழமை காலை மலையடிவாரத்தில் முந்தல் தாண்டி ஏற்றிப் பார்த்தேன். நாலாவது வளைவில் சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விட்டது, ஆவி அடித்தது, நிறுத்திவிட்டேன். உன்னிடம் மறைக்க மாட்டேன் ஆத்தா, வயிற்றெரிச்சலோடு உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது, பார்த்தாயா அந்தப் பூனாக்காரன் வேலையை என்று. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவள் எழுந்து போய் அந்தக் கடிதத்தை எடுத்து வந்தாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன், அவள் சத்தமாகப் படித்தாள். மாமா அவர்களுக்கு வணக்கம் என்று ஆரம்பித்திருந்தார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, உன்னைப் பற்றியும் இல்லை, முழுக்க ரேடியேட்டர்தான். முதலில் தண்ணீர் ஊற்றும்போது உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும், சமதரையில் வைத்து ஊற்றினால் போகாது, வண்டியின் மூக்கை ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள், அவசரப்படாதீர்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரே ஒரு வரி மட்டும், மலையில் அத்தையும் வண்டியில் இருப்பார்கள், அதனால் இரண்டு தடவை சோதித்துப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன் என்று. அம்மா தன்னை அத்தை என்று எழுதியிருந்த அந்த வரியோடு நிறுத்திவிட்டாள். நான் பேப்பரை இறக்கவில்லை. அது தலைகீழாக இருந்ததாக உன் தம்பி இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான், நம்பாதே.

மறுநாள் கண்ணுச்சாமியும் நானும் வண்டியைக் கால்வாய்க் கரை மேட்டில் ஏற்றி வைத்து அவர் சொன்னபடியே செய்தோம். அரைமணி நேரம் குமிழி வந்தது, இன்னும் இரண்டு லிட்டர் குடித்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். முள்ளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அம்மாதான் பார்த்து ஒவ்வொரு வளைவுக்கும் பாதியில் இருக்கிறது, பாதியில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நாலாவது போயிற்று, ஏழாவது போயிற்று, ஒரு இடத்தில்கூட நிற்காமல் மலை உச்சியில் போடிமெட்டில் போய்த்தான் நிறுத்தினேன். பனிக்குளிரில் இறங்கி ரேடியேட்டர் மேல் கையை வைத்துப் பார்த்தேன், குளித்துவிட்டு வந்த பிள்ளையைத் தொடுகிற மாதிரி மிதமான சூடு. ஒன்பது மணிக்கெல்லாம் பூப்பாறையில் இருந்தோம். பாண்டியம்மாள் என்னைப் பார்த்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்கும் மூன்று தடவை ஓடினாள்.

சடங்கு நல்லபடியாக முடிந்தது. சாப்பிட்டுவிட்டு ஆண்கள் எல்லாம் வண்டியைச் சுற்றி நின்றார்கள். அத்தை வீட்டுக்காரரின் அண்ணன் உக்கிரபாண்டி இருக்கிறாரே, உன் கல்யாணம் முடிந்த வாரமே என் கடை வாசலுக்கு வந்து துக்கம் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனவர், அவர்தான் பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு இது கடைச்சரக்கு இல்லையே, யார் வேலை என்று கேட்டார். கண்ணுச்சாமி பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம், வாய்வரைக்கும் அதுதான் வந்தது. அம்மா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எம் மருமகன் கட்டுனது. பேரு சுருளி. பூனாவுல பட்டறையில இருக்காரு, எம் மக ஞானசெல்வி வீட்டுக்காரரு" என்றேன். உக்கிரபாண்டி குனிந்து பற்றவைத்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் நிமிர்ந்து, "வேலை சுத்தமா இருக்கு மச்சான். எஞ் ஜீப்புக்கும் ஒண்ணு கட்டித் தருவாராண்டு கேட்டுச் சொல்லுங்க" என்றார். திரும்பி வரும்போது மெட்டு வரைக்கும் மறுபடி ஏற்றம்தான், அம்மா முள்ளைப் பார்க்கவே இல்லை, நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

நான் செய்தது சரியில்லை ஆத்தா. என் கோபம் உன்மேல்கூட இல்லை, ஊர் என்ன சொல்லும் என்பதிலேயே இருந்துவிட்டேன். உன் வீட்டுக்காரருக்குத் தனியாக எழுத இரண்டு தாள் எடுத்தேன், இரண்டும் வணக்கத்தோடு நின்றுவிட்டன, நேரில் பார்த்தால் பேச்சு வந்துவிடும். ஈயப்புகை நெஞ்சுக்கு ஆகாது, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை பார்க்கச் சொல், தினமும் பால் வாங்கிக் கொடு. நீயும் தலைக்கு ஊற்றிய ஈரத்தோடு வெளியே நிற்காதே. அம்மா கால் கிலோ ஏலக்காய் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள், தனியாக வருகிறது. முருகன் துணையால் நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடும் குறையில்லாத மனதோடும் இருக்க என் ஆசீர்வாதம்.

மறந்துவிடாதே, தங்கபாண்டியனுக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிறோம், பத்திரிகை அடிக்க பங்குனிக்குள் பெயர்களைக் கொடுக்க வேண்டும். மகள், மருமகன் என்று முதல் வரியில் உங்கள் பெயரை எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். அவருடைய தகப்பனார் பெயரின் முதல் எழுத்து எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டு உடனே எழுது.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
காசிராஜன்