மதகுக் கல்லின் கீழ்ப்பாதி

கண்டக்டரே,

அச்சகத்திலிருந்து மெய்ப்புத் தாள் வந்திருக்கிறது. நம் வரலாற்றுக் குழுவின் முதல் புத்தகம். மை வாசனை இன்னும் போகவில்லை. ஆசை ஆசையாகப் புரட்டிக்கொண்டு வந்தவன் குன்னம் பக்கத்து ஏரியைப் பற்றிய பக்கத்தில் நின்றுவிட்டேன். "நடத்துநராக இருந்த உறுப்பினர் ஒருவர் அவசரத்தில் செய்த பிழை" என்று ஒரு வரி. தாளைக் கிழிக்காமல் விட்டதே பெரிது. எழுதியவர் நம் புதுச் செயலாளர். தனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறார். கோபமெல்லாம் என் மேல்தான்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடையில் நாம் நாலு பேர் உட்கார்ந்து தொடங்கிய குழு இது. உனக்கு எந்த ஞாயிறு டூட்டி இல்லையோ அன்றுதான் கூட்டம். டிக்கெட் கொடுத்துக்கொண்டே, "ஒங்க ஊர்ல எழுத்து வெட்டுன கல்லு ஏதாச்சும் கெடக்காம்மா?" என்று கேட்பாய். சிரிப்பார்கள். ஆனால் இறங்கும்போது சொல்லிவிட்டுப் போவார்கள். நாம் கண்ட கற்களில் பாதி அப்படிக் கிடைத்தவை.

அந்த ஏரி மதகில் இருந்த எழுத்துக் கல்லும் அப்படித்தான் தெரியவந்தது. அன்று உனக்கு டூட்டி. நான் தனியாகப் போனேன். மேல் வரிகளில் சுண்ணாம்புப் பொடி தடவிப் படித்தேன். ஒரு பெரியவரின் பெயரும் ஏரி என்ற சொல்லும் தெரிந்தன. கீழ்ப்பாதி சேற்றுக்குள். பசி வேறு, அந்த பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. ஏரியை வெட்டியவரே அவர்தான் என்று நம் மாத இதழில் எழுதிவிட்டேன். கட்டுரைக்குக் கீழே குழுவின் பெயர்தான் இருந்தது.

அந்தப் பெரியவரின் வம்சம் நாங்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் வடக்குத் தெருக்காரர்கள். நம் இதழைத் தூக்கிக்கொண்டு போய், ஏரிக்கரை அய்யனார் பொங்கலில் முதல் மரியாதை தங்களுக்கே வேண்டும் என்றார்கள். தெற்குத் தெரு ஒப்பவில்லை. அந்த வருடம் பொங்கலே நின்றுபோனது.

நீ மண்வெட்டியோடு போய்ச் சேற்றை அள்ளிப் போட்டுவிட்டு, மண்டி போட்டுக் கீழ் வரிகளைப் படித்தாய். ஊரார் சேர்ந்து வெட்டிய ஏரி அது. உடைந்த மதகை அவர் சரிசெய்து கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

"அடுத்த இதழ்ல ஓரமா ஒரு திருத்தம் போட்டுடலாம்யா" என்றேன்.

"சண்ட ஊருக்குள்ள நடக்குது, திருத்தம் ஓரத்துலயா? வாய்யா, ரெண்டு தெருவயும் வச்சுப் படிச்சுக் காட்டுவோம்" என்றாய்.

ஏரிக்கரையில் இரண்டு தெருவும் கூடியிருந்தது. நீ படித்து முடித்ததும் ஒருவர் எகிறினார்: "அப்ப முன்னாடி எழுதுனது எவன்யா?"

நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீ ஓர் எட்டு முன்னால் போய், "நாந்தாங்க. பாதி படிச்சுட்டு எழுதிட்டேன். தப்புதான், மன்னிச்சுக்குங்க" என்றாய். திரும்பி வரும்போது, "இனிமே எதயும் அந்தந்த ஊருல படிச்சுக் காட்டிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பணும்" என்று மட்டும் சொன்னாய்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். ஆனால் அந்த விதியால்தான் குழு வளர்ந்தது. எங்கள் ஊருக்கும் வாருங்கள் என்று ஊர்க்காரர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்று ஆண்டிமடத்து முந்திரி வியாபாரியும் அரியலூர்த் தபால்காரம்மாவும் பஸ் மாறி வந்து கூட்டத்தில் உட்காருகிறார்கள். நீ கண்ணை மூடிய பிறகும் ஒரு கூட்டம் நின்றதில்லை. நிற்க விடவும் மாட்டேன்.

செயலாளரிடம் உண்மையைச் சொன்னேன். "வுடுங்க சார், அவரு பேருகூட அதுல இல்லியே. இப்பப் போயி ஏன் தலய குடுக்குறீங்க?" என்றார். பெயர் எதற்கு? அந்த ஊரில் கண்டக்டர் என்றால் நீதான். செய்யாத தப்பை உன் தலையில் வைத்து அச்சேற்ற நான் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் விதிப்படி போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். வரியைத் திருத்தி, பிழை செய்தவன் நான் என்று என் பெயரோடு படித்தேன். அன்று எகிறியவர்தான் எழுந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"அது எங்களுக்கு அப்பவே தெரியும் சார். சேத்துல மண்டி போட்டுக் கடைசி எழுத்து வரைக்கும் தடவித் தடவிப் படிச்ச மனுசன், பாதியில எந்திரிச்சுப் போயிருப்பாரா? நீங்க எப்ப சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தோம்."

எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன் கண்டக்டரே. நான் உன்னிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. அந்தப் பாரம் இனி எனக்குக் குறையாது, குறைய வேண்டாம். திருத்திய தாளை இன்று அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். தப்பாக எழுதியவன் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. அடுத்த வரியில், கல்லை முழுதாகப் படித்தவர் என்று உன் பெயர்.