படுத்துவிட்ட துண்டு

மார்ச் 4
சோதனைக்கு வந்த சதைத் துண்டுகளைப் பதித்து பதினேழு மெழுகுக் கட்டிகள். ஒரு சிறுநீர்ப்பை, மூன்று இரைப்பை, மீதியெல்லாம் உணவுக்குழாய். எங்கள் பக்கத்தில் எப்போதும் அதுதான் அதிகம். தங்கை மகளின் நிச்சயதார்த்தம் என்பதால் அவசரமாக முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மார்ச் 6
மொய்னாக் ஊருக்கு பஸ் ஓட்டும் ஸார்ஸென்பாய் தன் உணவுக்குழாய்த் துண்டின் முடிவு கேட்டு வந்தார். நான் சதையை வெட்டிச் சாயம் ஏற்றுபவள்தான், முடிவைச் சொல்வது டாக்டர் ஜுமாகுல் என்றேன். ஆள் நகரவில்லை.

"ரொட்டி இறங்கும்போது உரசுது தங்கச்சி. உள்ள என்னத்தத்தான் பாக்குறீங்க?"

"உள்தோல, அண்ணே. எபிதீலியம்னு பேரு."

"தொண்டைக்குள்ளயும் தோலா?"

"உரசுற இடமாச்சே, அதான் அடுக்கடுக்கா, மேல தட்டையா இருக்கும். இரைப்பைல ஒரே வரிசை, தூண் மாதிரி நிக்கும். அதுக்குச் சுரக்கிற வேலை. மூச்சுக்குழாய்ல பொடிப்பொடியா இழை இருக்கும், தூசியத் தள்ளிவிடும்."

"எங்க ரூட்டுத் தூசிக்கு அதெல்லாம் எப்பவோ உதிர்ந்திருக்கும்!"

தானே சிரித்துக்கொண்டு போனார்.

மார்ச் 9
ஸார்ஸென்பாய்க்குப் புற்று. அடித்தளச் சவ்வைத் தாண்டிவிட்டது என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.

எபிதீலியத்துக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அது உட்கார்ந்திருக்கும் அந்தச் சவ்வுக்குக் கீழேயிருந்துதான் அதற்குச் சாப்பாடு ஊறி வரும். கெட்டுப்போன செல்கள் சவ்வுக்கு மேலேயே நின்றால் அந்த இடத்தை மட்டும் உரித்து எடுத்துவிடலாம். தாண்டினால் ரத்தத்தோடு எங்கும் போகும். உணவுக்குழாயையே எடுக்க வேண்டும். 17ஆம் தேதி அறுவை.

மார்ச் 10
கண்ணாடித் தகடுகளை அடுக்கும்போது அவருடையதை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். சவ்வுக்குக் கீழே செல் கூட்டங்கள் இருந்தன. ஆனால் எல்லாம் உருண்டையாக, ஓரம் மழமழவென்று, ஒரே வரிசையில். நிஜமாகத் தாண்டியிருந்தால் ஓரம் பிய்ந்து கோணல்மாணலாக இருக்கும். மேல் அடுக்கு என்று தனியாக எதுவும் தெரியவில்லை.

துண்டு நிற்கவில்லை. படுத்திருக்கிறது. நிமிர்த்தி மெழுகில் வைக்காமல் படுக்க வைத்திருக்கிறேன். அப்படிச் சாய்வாக வெட்டுப்பட்டால் மேலே இருப்பதெல்லாம் கீழே இறங்கியதுபோலத்தான் தெரியும்.

நான்காம் தேதி. நிச்சயதார்த்த அவசரம்.

மார்ச் 11
டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. நிஜமாகவே தாண்டியிருந்தால்? என் பேச்சால் அறுவை தள்ளிப்போய், அந்த ஆளுக்கு ஏதாவது ஆனால்? — இதெல்லாம் வெறும் சாக்குடி, பீபிசாரா. பயந்து சாகுற, அவ்வளவுதான்.

மார்ச் 12
சொல்லிவிட்டேன். டாக்டர் தகட்டை மறுபடி பார்த்தார்.

"இருபத்திரெண்டு வருஷமா இதே வேலைதானே பாக்குற, பீபிசாரா?"

"என் தப்புதான் அக்கா."

"எனக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு? மெழுகுக் கட்டியில சதை மிச்சம் இருக்கா?"

"நகக்கீற்று அளவு இருக்கு."

"உருக்கி நிமித்து. பக்கத்துல நிக்கிறேன். நீ சொன்னதுக்காக நல்லதா வந்துடும்னு நினைச்சிக்காத."

பதினொரு சீவல் எடுத்தேன். நான்கு கிழிந்தன. மீதி ஏழிலும் சவ்வு முழுசாக, ஒரே கோடாக இருந்தது. கீழ் அடுக்குச் செல்கள் கெட்டுத் தாறுமாறாகக் கிடந்தன. ஆனால் தாண்டவில்லை.

"இந்தத் துண்டுல தாண்டல. அவ்வளவுதான் சொல்ல முடியும்," என்று அறுவை டாக்டருக்குப் போன் செய்தார். அறுவையைத் தள்ளி வைத்துவிட்டுப் புதிதாக ஆறு துண்டுகள் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 19
ஆறிலும் தாண்டவில்லை. குழாயை எடுக்க வேண்டாம். தாஷ்கண்டில், வாய் வழியாக இறக்கும் உள்நோக்கிக் குழாயாலேயே கெட்ட இடத்தை உரித்துவிடுவார்களாம். எனக்கு எழுத்து மூலமாக எச்சரிக்கை. மூன்று மாதம் மெழுகைத் தொடக் கூடாது, தகடுகளில் பெயர்ச் சீட்டு ஒட்டும் வேலை மட்டும்.

மார்ச் 20
நடந்ததை நானே ஸார்ஸென்பாயிடம் சொன்னேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப, நீ வாயத் திறக்கலேன்னா என்னை அறுத்திருப்பாங்க."

"ஆமாண்ணே."

"வாயத் திறக்க எத்தனை நாளு ஆச்சு?"

"ரெண்டு."

எழுந்து போய்விட்டார்.

மே 2
சீட்டு ஒட்டினேன்.

ஜூலை 8
மெழுகு மேசைக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. இன்று, உரித்த பிறகு சரிபார்க்க எடுத்த ஸார்ஸென்பாயின் துண்டு வந்தது. புண்ணை ஓரத்துச் செல்கள் பெருகி நகர்ந்து இதற்குள் மூடியிருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகே மெழுகை ஊற்றினேன்.

ஜூலை 10
டாக்டர் எழுதிய முடிவு: அடுக்குச் செதில் எபிதீலியம். அடித்தளச் சவ்வு முழுசு. கோளாறு இல்லை.

ஸார்ஸென்பாய் டாக்டர் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு என் மேசையைக் கடந்து போனார். என்னைப் பார்க்கவில்லை. வராந்தாவில் அவர் மனைவி பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்துக் கொடுத்தாள். நின்றபடியே, தண்ணீர்கூட இல்லாமல் தின்றார்.