ஏழாவது மாங்காயில் ஒரு தப்பு

அன்றைக்கு நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேடை வித்தைக்காரர்களின் சரித்திரம் எழுதுகிறேன் என்று சென்னையிலிருந்து டேப் ரிக்கார்டரோடு வந்த சீனிவாசன். நம் மகன் தண்டபாணி. வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டு சகுந்தலா. பிரம்பு நாற்காலியில் நீங்கள். டீ டம்ளர்களோடு தூணோரம் நான். யார் முதலில் சிரித்தார்கள் என்பது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. மறக்கிற பழக்கம் எனக்கு இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

இன்றைக்குக் காலையில் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை நெடி. அதற்கு அடியில் உங்கள் மேடைக் கோட்டில் ஒட்டிய பவுடர் வாசனை. அதற்கும் அடியில் பட்டு. வித்தைக்காக நெய்த மூன்றில் மிஞ்சிய மூன்றாவது சேலை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. முந்தியை விரித்து மாங்காய்ப் பூக்களை எண்ணினேன். ஏழாவது மாங்காயில் ஜரிகை இழை ஒன்று தப்பியிருக்கிறது. நான் வைத்த தப்பு.

சேலையை வெட்டி ஒட்டுகிற வித்தையை வேறு ஊரில் யாரும் காட்டலாம். காஞ்சிபுரத்தைச் சுற்றி எவனும் காட்டமாட்டான். எதிரே உட்கார்ந்திருப்பவனெல்லாம் தறிக்காரன். தறியில் ஒரு பாவு நூல் ஓட்டினால் மூன்று சேலை, மூன்றும் ஒரே ஜாடை என்று அவனுக்குத் தெரியாதா? வெட்டியது ஒன்று, காட்டுவது இன்னொன்று என்று கத்திவிடுவான். இரண்டு மாதம் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. வழி சொன்னது நான். தறிக்குழியில் கால் வைத்தபடியே சொன்னேன்.

“சேலைல ஒரு கை தப்பு இருக்கணுங்க. மொதல்லயே அத எல்லாருக்கும் காட்டிடுங்க. கடைசில அதே தப்பு அதே எடத்துல இருந்தா எவன் வாயத் தெறப்பான்?”

பூப்போடும் அச்சில் கோளாறு என்றால் வரிசை முழுக்க வரும். கை தப்பு அப்படியில்லை. ஒரே இடத்தில் வரும், அடுத்த சேலையில் அங்கே வராது. தறியில் உட்கார்ந்த எவனும் இதைச் சத்தியம் பண்ணுவான். அவனுடைய அந்த நம்பிக்கையைத்தான் நான் உங்களுக்கு எடுத்துக் கொடுத்தேன். சேலைக்குச் சேலை அதே இழையில் தப்ப வேண்டும். சரியாக நெய்வதைவிட அது கஷ்டம். கைக்குப் பிடிக்காத வேலை.

ஐயம்பேட்டையில் முதல் காட்சி. ஊரிலேயே பேர்பெற்ற தறிக்காரர் வடிவேலுவை மேடைக்குக் கூப்பிட்டு முந்தியைக் கையில் கொடுத்தீர்கள். அவர் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

“இன்னாபா இது, ஏழாவது மாங்காயில இழ தப்பிக்கினுகீது! எந்தக் கைகெட்டவ நெய்ஞ்சாளோ?”

சபை முழுக்கச் சிரிப்பு. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் யாராவது என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே. என் தறியில் ஒரு நாளும் ஒரு இழை தானாகத் தப்பியதில்லை. அந்தக் கையைத்தான் கெட்ட கை என்றார்கள்.

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை என் பக்கம் பார்த்தீர்கள். வெட்டினீர்கள். துண்டுகளைக் கூடையில் போட்டு, முழுச் சேலையாக உருவினீர்கள். வடிவேலு ஓடிவந்து எண்ணினார். ஏழாவதில் விரல் நின்றது. “அதே தப்புபா! அதே மாங்கா!” என்று கத்தியவர், உங்களைப் பார்த்துக் கை கூப்பினார்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக அந்த வித்தைதான். ஒவ்வொரு புதுப் பாவிலும் நான் அதே தப்பை வைத்தேன். உங்கள் பெயர் சுவரொட்டியில் வளர்ந்தது.

சீனிவாசன் வந்த அன்றைக்கு அவரும் அதைத்தான் கேட்டார். “அந்தச் சேலை வித்தை எப்படி ஐயா? ரகசியம் வேண்டாம். யார் யார் துணை நின்னாங்கன்னு சொன்னா போதும், அவங்க பேரும் சரித்திரத்துல இருக்கணும்.”

ரகசியத்தை அவரே வேண்டாம் என்றுவிட்டார். ஒரு பெயர்தான் கேட்டார். டம்ளரை நீட்டியபடி நின்றேன். ஐயம்பேட்டையில் பார்த்த மாதிரி என் பக்கம் பார்த்தீர்கள்.

“தொணயா? எல்லாம் இந்தக் கைதான் சார்.”

“அம்மா ஏதாவது உதவி பண்ணுவாங்களா?”

“அவளா? டீ போடுவா. அதுல அவள அடிச்சிக்க ஆள் இல்ல.”

சகுந்தலா முதலில் சிரித்தாள். பிறகு தண்டபாணி. பிறகு சீனிவாசன், மரியாதைக்கு.

அவர் போனதும் கேட்டேன். “எம் பேர ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“பேர வெச்சிக்கினு நீ இன்னாடி பண்ணப்போற?” என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடினீர்கள். அன்றைக்கும் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

புத்தகம் வந்தபோது நீங்கள் இல்லை. பேத்தி படித்துக் காட்டினாள். உங்களுக்கு நான்கு பக்கம். அன்றைக்குச் சீனிவாசன் கூடத்தில் எடுத்த படத்தின் ஓரத்தில் டம்ளர் பிடித்த ஒரு கை; மணிக்கட்டுக்கு மேலே ஆள் இல்லை. கடைசி வரி: ‘சேலை வித்தையின் ரகசியம் அவரோடு மறைந்தது.’ மறைந்ததா? அது அடுப்பங்கரையில் உட்கார்ந்து சட்னி அரைத்துக்கொண்டிருந்தது.

புத்தகத்தை மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். உங்கள் சாமான் ஏதாவது இருந்தால் வேண்டும் என்று வெள்ளிக்கிழமை சீனிவாசன் வருகிறார். இந்தச் சேலையைக் கொடுக்கப் போகிறேன். கூடவே ஒரு தாள். நான் மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாகத்தான் வருகிறது. ஆனாலும் பாவு போட்டதிலிருந்து இழை தப்பியது வரைக்கும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கீழே, நெய்தவள் தனபாக்கியம். வித்தையைக் காட்டிக் கொடுத்தவள் என்று உங்கள் கூட்டம் பேசும். பேசட்டும். என் தப்பு, நான் சொல்கிறேன்.

தறியை விட்டு வெகுகாலம் ஆயிற்று. பூக்கட்ட உட்கார்ந்தால் இன்றைக்கும் ஏழாவது கண்ணியில் விரல் தானாகத் தயங்குகிறது. நீங்கள் எனக்கு வைத்துவிட்டுப் போனது அதுதான்.

சகுந்தலாவை மன்னித்துவிட்டேன், அவளுக்கு என்ன தெரியும்? தண்டபாணி நம் பிள்ளை, அப்பா சிரிக்கவைத்தால் சிரிப்பான். சீனிவாசன் கேட்கவாவது கேட்டார். மீதி ஒருவர். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. சாமிக்கும் அதே பெயர் என்பதால் கோயில் பெயரைக்கூடச் சொன்னதில்லை. “மாமரத்துக் கோயிலுக்குப் போபா” என்பேன். “எந்தக் கோயிலு ஆயா, பேர் சொல்லு” என்று ஆட்டோக்காரன் சிரிப்பான். சொல்ல மாட்டேன். ஒருத்தர் பெயரை வாயில் போட்டுப் பொத்திவைப்பது மரியாதை என்று இருந்தேன். நீங்களும் என் பெயரைப் பொத்தித்தான் வைத்தீர்கள்.

தாளில் என் பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது. மன்னிக்காத பெயரை அங்கே முதல் தடவையாக எழுதுகிறேன்.

ஏகாம்பரம்.